வாசல் எந்தப் பக்கம்

ஒப்பந்தத்தில் இருந்தது இவ்வளவுதான்:
இரும்புக் கால் அறுபத்து நான்கு,
கம்பிவலை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர்,
கதவு ஒன்று.
எதைச் சுற்றி என்ற இடத்தில்
அரபியில் ஒரு சொல். பழையது என்று அர்த்தமாம்.
காலையில் சாப்பிடாமல் வந்தவனிடம்
இப்படியா சொல்வது.

தாக்காவைத் தாண்டி மலை ஏறியதும்
கரீஃப் பனி கண்ணாடியை நக்கத் தொடங்கியது.
முன்னால் குரியாக்கோஸ் சார், ஓட்டுநர் தில்முராத்.
பின்னால் நானும் சிமெண்டும்.
வளைகுடாவில் பதினோரு வருஷம்;
ஒரு மரத்தடியில் நனைந்தது அன்றைக்குத்தான்.
மழை இல்லை.
பனியை இலையில் பிடித்துப் பிடித்து
தன் வேருக்குத் தானே ஊற்றிக்கொள்ளும் காடு.
வெக்காலிக்கு ஒன்றுவிட்ட தம்பிபோல் ஒரு மரம்.
அதற்குப் பின்னால் சாட்சாத் புளியமரம்.
நீயுமா என்றேன்.
அதனிடம் யாரும் விசா கேட்டதாகத் தெரியவில்லை.

பழையது நடுவில் இருந்தது.
இடுப்புயரக் கல்வளையம்.
வட்டம் என்றால் பொய்;
அவித்த முட்டையை ஒரு பக்கம் அழுத்தினாற்போல.
சாந்து கிடையாது, கல்லைக் கல்லே தாங்கியிருந்தது.
உள்ளே என்ன வைத்தார்கள்?
ஆட்டையா, பிணத்தையா, பயத்தையா?
சார் காகிதம் புரட்டினார். காகிதமும் நனைந்திருந்தது.
பதுக்கை என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு,
வழியில் செத்தவன்மேல் கல் குவிப்பது.
இது அது இல்லை.
குவிக்காமல், நடுவே இடம் விட்டிருக்கிறார்கள்.

வெளியே, வேர் நெம்பித் தூக்கிய பாறைகளில்
கொத்திய உருவங்கள்.
வாலைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒன்று.
கை விரித்த ஓர் ஆள்.
அப்புறம் வரிசையாகக் குழிகள், என் கட்டைவிரல் அளவு.
பன்னிரண்டு.
பதின்மூன்றாவது மூன்று கொத்தோடு நின்றிருந்தது.
யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்,
சாப்பாட்டுக்கோ சண்டைக்கோ.

என் வேலையும் குழிதான்.
மூன்று மீட்டருக்கு ஒன்று, முழங்கால் ஆழம்.
கதவு தெற்கே, தார்ச்சாலைப் பக்கம், வரைபடப்படி.
வளையத்தின் வாசல் எது என்று
யாருக்கும் தெரியவில்லை;
எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சரிந்திருந்தது.

நாலாம் நாள் துஃபூலின் ஒட்டகங்கள் வந்தன.
காதில் போன், கையில் குச்சி,
எங்களுக்கு அரபி, மிருகங்களுக்கு ஜிப்பாலி.
சினை ஒட்டகம் ஒன்று கூட்டத்தைப் பிரிந்து
சுற்றிக்கொண்டு வடக்கே போய்
புது வலைக்கு முன் நின்றது.
முட்டவில்லை, கத்தவில்லை.
வங்கியில் டோக்கன் வாங்கியவர் நிற்பதுபோல நின்றது.
இதன் தாய் இங்கேதான் ஈன்றது, என்றாள் துஃபூல்.
தாயின் தாயும்.
அதற்கு முன்னால்?
போனில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

குனிந்து பார்த்தேன்.
வலைக்கு அந்தப் புறம், புல்லுக்குள்
படுத்திருந்த ஒரு கல், நடுவில் மட்டும் தேய்ந்து
எண்ணெய் பூசினமாதிரி மினுங்கியது.

சாரிடம் சொன்னேன்.
வரைபடத்தில் அப்படி இல்லையே.
ஒட்டகம் வரைபடம் பார்க்கவில்லை சார்.
சிரித்தார். அப்புறம் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு,
கதவை மாற்ற மூன்று கையெழுத்து வேண்டும் என்றார்.
மூன்றும் வருவதற்குள் கரீஃப் முடியும்,
காடு பழுப்பாகும்,
அவள் எங்கேயாவது ஈன்றிருப்பாள்.

மாலையில் வடக்குத் துண்டை அவிழ்த்தேன்.
கம்பி போதவில்லை என்று பதிவேட்டில் எழுதினேன்.
போதிய கம்பி புளியமரத்தடியில்
சுருண்டு படுத்திருந்தது.
கடைசிக் குழிக்குக் கடப்பாரையை
மூன்று முறை போட்டிருப்பேன்,
தில்முராத் ஹாரன் அடித்தான்.

வண்டி திரும்பும்போது பனிக்குள்
ஒரு கல் மெல்லப் புரண்ட சத்தம்.
உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா,
அது அந்தப் பக்கத்துக்குத்தான் தெரியும்.